புகைக்கு ஒரு வழி

எங்கள் ஊருக்கு மின்விளக்கு வருவதற்கு முன், மாலைதோறும் அரிக்கேன் விளக்கைத் துடைத்து வைப்பது சிறுவனாகிய என் பொறுப்பு. அந்த விளக்கின் கண்ணாடிக் கூண்டைச் 'சிம்னி' என்றே எல்லாரும் சொல்வோம். சிம்னியைக் கழற்றிவிட்டுத் திரியைக் கொளுத்தினால் சுடர் அலைபாயும், கரும்புகையைக் கக்கும். சிம்னியை மாட்டியதும் அதே எண்ணெயில், அதே திரியில், சுடர் நிமிர்ந்து நின்று நல்லொளி தரும். ஏன் இந்த மாற்றம் என்று நான் அன்று கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியப் பயிற்சி பெற்று வகுப்பறையில் நின்றபோது, ஒரு மாணவன் என்னை அதே கேள்வி கேட்டான். அன்றுதான் சிம்னி என்னும் சொல்லின் பின்னே ஒரு நீண்ட வரலாறு இருப்பதை அறியத் தொடங்கினேன்.

சிம்னி என்பது ஆங்கிலத்தில் வீட்டின் புகைபோக்கிக்குப் பெயர். குளிர்நாடுகளில் வீட்டுக்குள் நெருப்பு மூட்டிக் குளிர்காயும் இடத்தைக் கணப்பு என்போம். கணப்பிலிருந்து புறப்பட்டு, கூரையைத் துளைத்து, வானத்தை நோக்கிச் செல்லும் வழியே புகைபோக்கி. வீட்டுக்குள் நெருப்பைக் கொண்டுவர மனிதன் வெகு முன்பே கற்றுக்கொண்டான். அந்த நெருப்பின் மூச்சை வீட்டுக்கு வெளியே அனுப்பக் கற்பதற்கோ பல நூற்றாண்டுகள் ஆயின. பல உயிர்களும் அதற்கு விலையாயின. அந்தக் கதையை, பெரும்பாலும் இங்கிலாந்து நாட்டை வைத்து, இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இடைக்கால இங்கிலாந்தில் செல்வர் மாளிகையானாலும் சரி, உழவர் குடிசையானாலும் சரி, நெருப்பு கூடத்தின் நடுவில், தரைமேல் எரிந்தது. அதற்குத் தனியாகப் புகைபோக்கி இல்லை. புகை மேலெழுந்து உத்தரங்களைக் கறுப்பாக்கி, கூரையின் உச்சியில் விடப்பட்ட திறப்பின் வழியாகவும் ஓலை இடுக்குகளின் வழியாகவும் மெல்ல மெல்ல வெளியேறும். கெண்ட் மாவட்டத்திலுள்ள பென்சர்ஸ்ட் மாளிகையின் பெருங்கூடம் 1341ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் தரை நடுவே எட்டுப் பட்டையாக அமைந்த அந்தக் காலத்து நெருப்பு மேடையை இன்றும் காணலாம். அந்தக் கூடத்தில் விருந்துண்ட பிரபுக்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் உண்டிருப்பார்கள்.

சுவரோடு சேர்ந்த கணப்பும், சுவருக்குள்ளேயே ஏறும் புகைவழியும் முதலில் கோட்டைகளில் தோன்றின. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கானிஸ்பரோ கோட்டையில் அத்தகைய கணப்புகளைக் காண்கிறோம். கோட்டைகளில் பல மாடிகள் இருந்தன. கீழ்மாடியில் எரியும் நெருப்பின் புகை மேல்மாடியில் இருப்போரை வாட்டாதிருக்க வேண்டுமானால், அதற்கு ஒரு தனிவழி வேண்டுமல்லவா? அந்தத் தேவையே புகைபோக்கியைப் பெற்றெடுத்தது. ஆயினும் அது எளிய மக்களின் வீட்டுக்கு வந்து சேர நானூறு ஆண்டுகள் பிடித்தன.

1577ஆம் ஆண்டில் வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் இங்கிலாந்து நாட்டைப் பற்றி ஒரு விரிவான நூலை வெளியிட்டார். தம் ஊர் முதியோர்கள் தங்கள் காலத்தில் கண்ட பெரிய மாற்றங்களில் ஒன்றாக, எங்கும் பெருகிவிட்ட புகைபோக்கிகளைக் குறிப்பிட்டதாக அவர் எழுதுகிறார். அவர்கள் இளைஞர்களாக இருந்தபோது ஊருக்கு இரண்டோ மூன்றோ இருந்தனவாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புகைபோக்கி வந்ததால் மக்களுக்குச் சளியும் தலைவலியும் பெருகிவிட்டன என்றும், பழைய புகையே வீட்டு மரங்களையும் வீட்டாரின் உடலையும் உறுதியாக்கியது என்றும் அவர் குறைப்பட்டுக்கொள்கிறார். புதிய நன்மை எதுவும் எதிர்ப்பின்றி வந்ததில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இனி, புகைபோக்கி எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்ப்போம். மீண்டும் நம் அரிக்கேன் விளக்குக்கு வாருங்கள். சூடான காற்று விரிவடைகிறது. விரிவடைந்த காற்று இலேசாகிறது. 200 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள காற்றின் எடை, 20 பாகையில் உள்ள அதே கன அளவுக் காற்றின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். ஆகவே குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று மேலே எழுகிறது. அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே பாய்கிறது. அந்தக் காற்றே நெருப்புக்கு உணவு. இந்த இழுவைக்கு மூன்று தேவைகள் உண்டு. முதலாவது, குழாய்க்குப் போதிய உயரம் வேண்டும். இரண்டாவது, குழாய்க்குள் செல்லும் புகை சூடு ஆறாமல் இருக்க வேண்டும். மூன்றாவது, கீழே புதுக்காற்று நுழைய வழி வேண்டும். உயரம், வெப்பம், உள்வரும் காற்று என்னும் இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போகும் வெற்றிகளும் துயரங்களும் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

காடுகள் குறைந்து விறகின் விலை ஏறியபோது, இலண்டன் மக்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். 1661ஆம் ஆண்டில் ஜான் ஈவ்லின் என்ற அறிஞர், இலண்டனைச் சூழ்ந்த கரிப்புகையின் கேட்டை விளக்கி ஒரு சிறுநூல் எழுதி இரண்டாம் சார்லஸ் மன்னருக்குக் காணிக்கையாக்கினார். மறு ஆண்டே அரசு அந்த நெருப்பின்மீது ஒரு வரியை விதித்தது! கணப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். வரி வாங்குவோர் வீட்டுக்குள் நுழைந்து அடுப்பை எண்ணினார்கள். வரிக்கு அஞ்சிக் கணப்பை அடைத்தவர் உண்டு, மறைத்தவரும் உண்டு. 1684ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு மாவட்டத்திலுள்ள சர்ச்சில் என்னும் சிற்றூரில் ரொட்டி சுடும் ஒருவர், வரியிலிருந்து தப்புவதற்காகத் தம் அடுப்பின் புகையை, சுவரைத் துளைத்து அண்டை வீட்டுப் புகைபோக்கிக்குள் விட்டாராம். அதிலிருந்து எழுந்த தீயில் இருபது வீடுகள் அழிந்தன. நால்வர் மாண்டனர் என்று கூறுவர். மக்கள் வெறுத்த அந்த வரி 1689ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

இதற்கிடையே, 1666ஆம் ஆண்டின் பெருந்தீ இலண்டனைச் சுட்டெரித்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், வீடுகளைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோதான் கட்ட வேண்டும் என்று விதித்தது. புதிய வீடுகள் நெருக்கமாகவும் பல மாடிகளோடும் எழுந்தன. ஒவ்வோர் அறைக்கும் ஒரு கணப்பு. ஒவ்வொரு கணப்புக்கும் ஒரு புகைவழி. நிலக்கரிக்கு அகன்ற புகைவழி தேவையில்லை. ஒடுங்கிய வழியே நன்றாக இழுத்தது. ஆகவே பதினான்கு அங்குல நீளமும் ஒன்பது அங்குல அகலமும் கொண்ட புகைவழிகள் வழக்கமாயின. அதனினும் ஒடுங்கியவையும் இருந்தன. அவை சுவருக்குள் வளைந்தும் நெளிந்தும் ஏறின. கரிப்பிசின் அவற்றின் உட்புறத்தில் தடித்துப் படிந்தது. படிந்ததைச் சுரண்டாவிட்டால் அது தீப்பற்றிக்கொள்ளும். அல்லது வழியையே அடைத்துவிடும். ஒன்பது அங்குல வழிக்குள் யார் நுழைந்து அதைச் சுரண்டுவது?

மாணவர்களே, இந்தக் கேள்விக்கு அந்த நாடு கண்ட விடைதான் இவ்வரலாற்றின் மிக இருண்ட பக்கம். சிறுவர்களை அனுப்பினார்கள். ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளை, ஏழைப் பெற்றோரிடமிருந்தும் அநாதைகளைக் காக்கும் ஊர்ச் சபைகளிடமிருந்தும் பெற்று, தொழில் பழக்குவதாகச் சொல்லி, புகைபோக்கி துடைப்போர் வேலை வாங்கினார்கள். முழங்காலையும் முழங்கையையும் சுவரில் ஊன்றி, பல்லி போல் அந்த இருட்டுக்குள் அவர்கள் ஏறினார்கள். தோல் உரிந்தால், காய்த்துப் போகட்டும் என்று உப்புநீர் தேய்த்தார்கள். சிலர் வளைவுகளில் சிக்கி மூச்சுத் திணறி மாண்டனர். 1775ஆம் ஆண்டில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், இத்தொழிலில் இருந்தோரைப் பிற்காலத்தில் பீடிக்கும் ஒரு புற்றுநோய்க்குக் கரிப்படிவே காரணம் என்று எடுத்துக்காட்டினார். செய்யும் தொழிலால் புற்றுநோய் வரும் என்பதை உலகம் முதன்முதலில் அறிந்தது இந்தச் சிறுவர்களின் உடலிலிருந்துதான்.

சட்டங்கள் வராமல் இல்லை. 1788ஆம் ஆண்டுச் சட்டம் எட்டு வயதுக்கு உட்பட்டோரைச் சேர்க்கலாகாது என்றது. 1840ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட எவரையும் புகைபோக்கிக்குள் ஏற்றலாகாது என்றது. சிறுவர் செய்த வேலையைச் செய்யும் துடைப்பக் கருவியையும் ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் 1803ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்திருந்தார். கருவி இருந்தது, சட்டம் இருந்தது, ஆனால் சட்டத்தை மீறுவோரைக் கண்காணிக்க ஆள் இல்லை. வீட்டுக்காரர்களோ, கருவி சரியாகத் துடைக்காது, பையனையே அனுப்பு என்றார்கள். 1863ஆம் ஆண்டில் சார்லஸ் கிங்ஸ்லி எழுதிய 'நீர்க்குழந்தைகள்' என்னும் கதைநூல், புகைபோக்கி துடைக்கும் ஒரு சிறுவனைத் தலைவனாக்கிப் பலருடைய உள்ளத்தைத் தொட்டது. ஷாப்ட்ஸ்பரி பிரபு மன்றத்தில் இடைவிடாது போராடினார். 1875ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் அருகே ஒரு மருத்துவமனையின் புகைபோக்கிக்குள் அனுப்பப்பட்ட ஜார்ஜ் பிரூஸ்டர் என்னும் சிறுவன் சிக்கிக்கொண்டான். சுவரை இடித்து அவனை வெளியே எடுத்தார்கள்; அவன் பிழைக்கவில்லை. அதே ஆண்டில் வந்த சட்டம், இத்தொழில் செய்வோர் ஒவ்வொருவரும் காவல்துறையிடம் ஆண்டுதோறும் உரிமம் பெற வேண்டும் என்று விதித்தது. கண்காணிப்பு வந்ததும் கொடுமை ஒழிந்தது. விதியை எழுதுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் சென்று பார்க்க ஒருவர் வேண்டும். இதை நான் பின்னரும் நினைவூட்டுவேன்.

இந்தத் துயரங்களுக்கு நடுவே அறிவும் வளர்ந்தது. அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களின் தொடக்கத்தில் இரும்பால் ஒரு புதிய கணப்பை அமைத்தார். வெப்பம் புகையோடு வீணாகக் கூரை ஏறிப் போகாமல் அறைக்குள்ளேயே தங்க வேண்டும் என்பது அவர் நோக்கம். தனியுரிமை தர ஆளுநர் முன்வந்தும் அவர் ஏற்கவில்லை. பிறர் கண்டுபிடிப்புகளால் நாம் பயனடைவது போல, நம்முடையது பிறர்க்குப் பயன்படட்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் அவருடைய அமைப்பில் ஒரு குறை இருந்தது. புகை முதலில் கீழே இறங்கி, பின்னர் புகைபோக்கியில் ஏற வேண்டியிருந்தது. நெருப்பு நன்றாகச் சூடேறாதபோது புகை அந்த வழியை ஏற்காமல் அறைக்குத் திரும்பியது. நான் சொன்ன இரண்டாவது தேவையாகிய வெப்பம் அங்கே குறைந்தது. பிறர் அந்த அமைப்பைத் திருத்தினார்கள். பிராங்க்ளினும் அப்பொருளை மறக்கவில்லை. 1785ஆம் ஆண்டில், ஐரோப்பாவிலிருந்து தாயகம் திரும்பும் கப்பலில் அமர்ந்து, புகைபோக்கிகள் ஏன் புகையைத் திருப்பி அனுப்புகின்றன, அதற்கு மருந்து என்ன என்று ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது!

அமெரிக்காவில் பிறந்த இன்னொருவர், ரம்போர்டு பிரபு எனப் பெயர் பெற்ற பெஞ்சமின் தாம்சன். அவர் 1796ஆம் ஆண்டில் கணப்புகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில், புகைபோக்கியின் தொண்டையை நான்கு அங்குல அளவுக்குக் குறுக்குமாறும், கணப்பின் பக்கச் சுவர்களைச் சாய்த்து அமைக்குமாறும் கூறினார். தொண்டை குறுகியதும் இழுவை மிகுந்தது. பக்கச் சுவர்கள் சாய்ந்ததும் வெப்பம் அறைக்குள் வீசியது. ஒரு கொத்தனார் சிறிது நேரத்தில் செய்துவிடக்கூடிய மாற்றம். ஆனால் அதன் பின்னே வெப்பத்தைப் பற்றிய ஆழ்ந்த ஆராய்ச்சி இருந்தது. பின்னாளில் பாரடே பணியாற்றிய இராயல் இன்ஸ்டிடியூஷன் 1799ஆம் ஆண்டில் தோன்ற முன்னின்றவரும் இவரே.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிலக்கரி வாயு வந்தது. வில்லியம் மர்டாக் 1792ஆம் ஆண்டில் அதைக்கொண்டு தம் வீட்டில் விளக்கேற்றினார். 1812ஆம் ஆண்டில் இலண்டனில் வாயு வழங்கும் நிறுவனம் பட்டயம் பெற்றது. 1855ஆம் ஆண்டில் பன்சன் விளக்கு, வாயுவோடு காற்றைக் கலந்து புகையின்றி எரிக்கும் வழியைக் காட்டியது. உங்கள் ஆய்வகத்தில் நீல நிறத்தில் எரிகிறதே, அதுதான். அதைத் தொடர்ந்து வாயுக் கணப்புகள் பரவின. சாம்பல் இல்லை, கரி இல்லை, கண்ணெரிச்சல் இல்லை. புகையின் கதை முடிந்தது என்று மக்கள் மகிழ்ந்தார்கள்.

கதை முடியவில்லை. கண்ணுக்குத் தெரிந்த பகை கண்ணுக்குத் தெரியாத பகையாக மாறியது. வாயு எரியும்போது கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன. இன்று பெரிதும் வழங்கும் இயற்கை வாயுவின் முதன்மைப் பொருள் மீத்தேன். ஒரு கிலோகிராம் மீத்தேன் எரிந்தால் இரண்டேகால் கிலோகிராம் நீர் உண்டாகும்! அது ஆவியாகவே கூரைக்கு மேல் சென்றுவிட வேண்டும். பழைய அகன்ற செங்கல் புகைபோக்கிக்குள் அது சூடு ஆறினால், நீராகிச் சுவரில் வடியும். புகையிலுள்ள அமிலத்தோடு கூடிக் காரையைத் தின்னும். காரை உதிர்ந்து விழுந்தால் வழி அடைபடும். காற்றுப் போதாவிட்டாலோ கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு, உயிர்க்காற்றைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் நெருக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

வாயு மட்டுமன்று, அடைபட்ட புகைபோக்கியின்கீழ் எரியும் எந்த நெருப்பும் இதைச் செய்யும். பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி சோலாவின் முடிவு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். 1902ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள் இரவு, பாரிஸ் நகரிலிருந்த தம் வீட்டின் படுக்கையறையில் கணப்பு மூட்டி, கதவு சன்னல்களை அடைத்து, அவரும் அவர் மனைவியும் உறங்கச் சென்றார்கள். நள்ளிரவில் இருவருக்கும் தலை சுற்றியது. உண்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை போலும், பணியாளரை எழுப்ப வேண்டா என்று சோலா சொன்னாராம். காலையில் கதவை உடைத்துப் பார்த்தபோது அவர் மாண்டு கிடந்தார், மனைவி பிழைத்துக்கொண்டார். நேர்ந்தது விபத்து என்றே அன்று முடிவு செய்யப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1953ஆம் ஆண்டில், ஒரு பிரெஞ்சு நாளிதழ் வேறொரு செய்தியை வெளியிட்டது. சோலாவின் அரசியற் கொள்கையை வெறுத்த ஒருவர், அண்டை வீட்டுக் கூரையில் வேலை செய்யும் சாக்கில் அந்தப் புகைபோக்கியை அடைத்துவிட்டு, மறுநாள் காலை அடைப்பை நீக்கியதாகத் தம் நண்பரிடம் ஒப்புக்கொண்டார் என்பது அச்செய்தி. அது மெய்யென்று ஐயமற நிறுவப்படவில்லை. விபத்தோ சதியோ, அறைக்குள் தேங்கிய நச்சு வாயுவால் ஒரு பேரெழுத்தாளரின் உயிர் போயிற்று என்பது மட்டும் உறுதி.

பழைய கரிப்புகையும் எளிதில் விடைபெறவில்லை. 1952ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனைப் பனியும் கரிப்புகையும் கலந்த இருள் மூடியது. காற்று அசையவில்லை, இலட்சக்கணக்கான புகைபோக்கிகள் கக்கிய புகை மேலெழ வழியின்றி நகரின்மேலேயே தங்கியது. நாலாயிரம் பேர் மாண்டதாக அன்று கணக்கிட்டனர். பிற்கால ஆராய்ச்சியாளர் அதைப் பன்னீராயிரம் வரை உயர்த்தினர். வீட்டிலிருந்து வெளியேற்றியதோடு புகை ஒழிந்துவிடவில்லை. ஊரே ஒரு வீடாகிவிட்டது. 1956ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையற்ற பகுதிகள் வகுக்கப்பட்டன. பழைய கணப்புகளை மாற்ற மக்களுக்குப் பொருளுதவி தரப்பட்டது. 1965ஆம் ஆண்டில் வடகடலின் பிரிட்டிஷ் பகுதியில் இயற்கை வாயு கிடைத்த பின், வாயுக் கணப்பு இன்னும் பெருகியது.

இன்று குளிர்நாடுகளில் வாயுக் கணப்பின் புகையைக் கூரை வழியாக எவ்வாறு வெளியேற்றுகிறார்கள்? என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கனடாவில் இத்தொழிலில் இருக்கிறார். விடுமுறையில் வந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எனக்கு விளக்கினார். அன்று அவர் ஆசிரியர், நான் மாணவன்.

முறைகள் இரண்டு. ஒன்றில், அறைக்காற்றே நெருப்புக்கு உணவாகிறது. புகை இரட்டைச் சுவருள்ள உலோகக் குழாயில் ஏறுகிறது. சுவர்களுக்கு இடையே உள்ள இடைவெளி புகையின் சூட்டைக் காக்கிறது. மற்றொன்றில், கணப்பின் முகம் கண்ணாடியால் முழுவதும் மூடப்பட்டிருக்கும். குழாய்க்குள் குழாயாக இரண்டு குழாய்கள் கூரைக்கு மேல் செல்லும். உட்குழாய் வழியே புகை வெளியேறும். வெளிக்குழாய் வழியே புதுக்காற்று உள்ளே வரும். அறைக்காற்றுக்கும் நெருப்புக்கும் தொடர்பே இல்லை. மூன்றாவது தேவையாகிய உள்வரும் காற்று இங்கே கூரையிலிருந்தே வந்துவிடுகிறது! பழைய செங்கல் புகைபோக்கி உள்ள வீட்டில், அதற்குள் நெளியும் தன்மையுள்ள உலோகக் குழாயை இறக்குகிறார்கள். புகை அதற்குள் செல்வதால் காரை காப்பாற்றப்படுகிறது.

குழாயைக் கூரை வழியே ஏற்றுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. கணப்புக்கு நேர்மேலே கூரையில் எங்கே துளைப்பது என்பதைத் தூக்குக்குண்டு கட்டிக் குறிக்கிறார்கள். குழாய்க்கும் மரச்சட்டங்களுக்கும் இடையே, செய்தவர் குறித்த இடைவெளியை விடவேண்டும். பெரும்பாலும் அது ஓர் அங்குலமாவது இருக்கும். குழாய் கடக்கும் ஒவ்வொரு தளத்திலும் தீயைத் தடுக்கும் உலோகத் தகடு பொருத்த வேண்டும். கூரைக்கு மேலே, குழாயைச் சுற்றி ஒரு தகட்டுப் பாவாடை. அதன் மேல்விளிம்பு ஓடுகளுக்கு அடியிலும், கீழ்விளிம்பு ஓடுகளுக்கு மேலும் அமைய வேண்டும். அப்போதுதான் மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே புகாது. நம் ஊர்க் கூரைக்காரர் ஓட்டின்மேல் ஓடு அடுக்கும் அதே அறிவுதான் இது. உச்சியில் மழையையும் பறவையையும் தடுக்கும் மூடி. கூரையின் சரிவு செங்குத்தாக ஆக ஆகக் குழாயும் மேலும் உயர வேண்டும்; இல்லாவிட்டால் சரிவில் மோதிச் சுழலும் காற்று புகையைத் திருப்பி அழுத்தும். நம் முதல் தேவையாகிய உயரம் இங்கே பேசுகிறது.

"பொருத்துவது இரண்டு நாள் வேலை ஐயா, அதன் பிறகு இருபது ஆண்டு பார்த்துக்கொள்வதுதான் வேலை" என்றார் அந்த மாணவர். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்துக்கு முன், பயிற்சி பெற்றவர் வந்து பார்க்க வேண்டும். மூடிக்குள் பறவை கூடு கட்டியிருக்கிறதா? குழாய் இணைப்புகள் விலகியிருக்கின்றனவா? எங்கேனும் துருவோ வெண்கறையோ தெரிகிறதா? கண்ணாடியைச் சுற்றியுள்ள அடைப்பு நாடா இறுகியிருக்கிறதா? கடும்பனிக் காலத்தில் மூடியைப் பனி மூடிவிட்டதா? வீட்டுக்குள் நச்சு வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி வேலை செய்கிறதா? கேட்பதற்கு எளிய கேள்விகள். ஆனால் ஆண்டுதோறும் கேட்பவர் இல்லாத வீட்டில்தான் துயரம் நிகழ்கிறது. 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் தோற்றது, 1875ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் வென்றது என்பதை இங்கே நினைவுகூருங்கள்.

குளிர்நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நம் மலையூர்களில் குளிருக்கு அஞ்சி, மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டி உறங்கி, விடியலைக் காணாது போனவர்களைப் பற்றிச் செய்தித்தாள்களில் அவ்வப்போது படிக்கிறோம். நகரத்து வீடுகளில், காற்றோட்டமற்ற சிறு குளியலறைக்குள் வாயு வெந்நீர்க் கருவியைப் பொருத்தி, புகைக்கு வழி வைக்காது விட்டதால் இளம் உயிர்கள் மடிந்த செய்திகளும் வந்திருக்கின்றன. அங்கெல்லாம் கொன்றது நெருப்பன்று. நெருப்புக்கு இடம் கொடுத்தவர்கள் அதன் மூச்சுக்கு வழி கொடுக்க மறந்ததுதான். உங்கள் வீட்டிலோ விடுதியிலோ அத்தகைய கருவி இருந்தால், இன்றே சென்று பாருங்கள். அதன் புகை எங்கே போகிறது என்று பெரியவர்களைக் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை அதைப் பயன்படுத்த வேண்டா.

சிறுவனாக நான் துடைத்த அந்தச் சிம்னி இன்று எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் அதைத் துடைக்கும்போது என் தாயார் நாள்தோறும் சொன்ன ஒரு சொல் நினைவில் இருக்கிறது: "மேல் வாயைப் பார்த்துத் துடை." கீழே ஒளிவிடும் பகுதியையே எல்லாரும் பார்ப்பார்கள், மேலே கரி படியும் வாயை யாரும் பார்ப்பதில்லை. பல நூற்றாண்டு வரலாற்றைப் படித்த பின்னும், அதைவிடச் சிறந்த அறிவுரை எனக்குக் கிடைக்கவில்லை. நீங்களும் மேல் வாயைப் பாருங்கள்.